பேபி அக்கா கழுவிய கண்ணாடிகள்

கொம்பையாவின் மூளையில் கடைசியாக மிஞ்சியிருந்த பன்னிரண்டு சீவல்களையும் ஆயுத பூசைக்கு முந்தின நாள் பேபி அக்கா சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். கழுவித் துடைத்து, கண்ணாடிக்கு ஒரு பொட்டு சந்தனம், அதன் நடுவில் குங்குமம் என்று வைத்து, மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தாள். நான் லீவு முடிந்து வந்து பார்த்தபோது அவை பந்திக்குக் கழுவி வைத்த டம்ளர் மாதிரி பளபளத்தன.

இதைச் சொன்னால் சிரிப்பு வரும். எங்கள் லேபிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்குச் சொர்ணத்தாயைத் தெரியாது.

சொர்ணத்தாய் கொம்பையாவின் பெண்சாதி. புதூருக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம். கொம்பையா முப்பது வருடம் கூலிக்கு மருந்தடித்தவர். முதலில் பருத்திக்கு, பிறகு மிளகாய்க்கு, படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்துக்கு. முதுகில் டேங்க், வாயில் ஒரு துண்டு. அவ்வளவுதான் பாதுகாப்பு. நாற்பத்தெட்டு வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. அடுத்து நாக்குக் குழறியது. அதற்கடுத்த வருடம் பெற்ற மகளின் பெயர் மறந்துபோய், "ஏ பிள்ள" என்று பொதுவாகக் கூப்பிட ஆரம்பித்தார். போன மாசியில் ஓடைக்கரையில் விழுந்து கிடந்தவரை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

குடி என்றது ஊர். அவர் குடித்தார்தான். மருந்தடித்துவிட்டு வருகிற எல்லோரும்தான் குடிக்கிறார்கள். அந்த வாடை தொண்டையை விட்டு இறங்க வேறு என்ன வழி இருக்கிறது? ஆனால் ஊருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. குடிகாரன், குடித்துச் செத்தான், முடிந்தது. அதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது கொம்பையாவின் கூடப்பிறந்த தம்பி சண்முகராஜ். அண்ணனின் டேங்க் இப்போது அவர் முதுகில்தான் ஏறியிருக்கிறது.

அந்த மூன்றாம் நாள் நான் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நிற்பதும் என் வேலையில் ஒரு பகுதி. கோவில்பட்டிக்கு வெளியே நாற்கரச் சாலையோரம் தீப்பெட்டி முதலாளி ஒருவர் கட்டிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் ஓர் ஆய்வு மையம். அதில் நான் முனைவர் பட்ட மாணவி. பெயர் வினோலியா. ஊர் எப்போதும்வென்றான் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அம்மா மிக்கேலம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் இருபத்தாறு வருடம் குச்சிகளைச் சட்டத்தில் சொருகிக் கட்டை அடுக்கினாள். அம்மாவின் விரல்கள் போட்ட பிச்சைதான் என் படிப்பு என்று மேடையேறிச் சொல்லச் சொல்வார்கள். சொல்ல மாட்டேன். அந்த விரல்கள் இப்போது மடங்காது. அதைக் கைதட்டலுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

மருந்தடித்தவர்களின் மூளையையும் அடிக்காதவர்களின் மூளையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் திட்டம். அதற்கு மூளை வேண்டும். இறந்த சில மணி நேரத்துக்குள் வேண்டும். எனவே யாராவது ஒருவர் பிணவறை வாசலில் நின்று, அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் படிவத்தை நீட்ட வேண்டும். இந்தப் பக்கத்துப் பேச்சு புரிகிற ஆள் என்று என்னை அனுப்புவார்கள்.

சொர்ணத்தாய் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்து நாலு மணி நேரம் ஆகவில்லை.

"மூளையா?" என்றாள். "முழுசாவா எடுப்பிய?"

"இல்லக்கா. ரெண்டு சின்னத் துண்டு. நெல்லிக்கா அளவு."

"அத வச்சு என்ன செய்வ?"

"மருந்து அவிய மூளைய என்ன பண்ணியிருக்குன்னு பாக்கணும்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "பாத்தா தெரியுமா? குடியா மருந்தான்னு தெரியுமா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூளையை வைத்துக்கொண்டு எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. முப்பது நாற்பது பேருடையதைச் சேர்த்து வைத்து, "இருக்கக்கூடும்" என்று இழுத்து எழுதலாம். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திசு கெட்டுவிடும். உள்ளே டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"படம் வரும்க்கா. அதுல தெரியும்" என்றேன்.

"அப்ப அந்தப் படத்த எனக்குக் காட்டணும். ஊரக் கூட்டி வச்சுக் காட்டுதேன் நான்."

"கண்டிப்பா."

படிவம் நாலு பக்கம். நான் கொடுத்த வாக்குக்கு அதில் இடம் இல்லை. அவள் பேனாவை அழுத்திய அழுத்தில் கையெழுத்தின் கடைசி எழுத்தில் தாள் கிழிந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "படம் வந்துட்டாட்டி?" வேறு பேச்சு கிடையாது. "இன்னும் இல்லக்கா" என்றால் "சரி, நீ பாத்துக்கோ" என்று வைத்துவிடுவாள்.

படம் அப்படி லேசில் வராது. உறைந்த மூளைத் துண்டை முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்ட வேண்டும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. காப்பி சிந்திக் காய்ந்த கறை மாதிரி இருக்கும். அதைக் கொஞ்சமாகக் கதிர்வீச்சு ஏற்றிய மருந்தில் நனைத்து எடுப்போம். நரம்பில் எந்த இடம் இன்னும் உயிரோடு வேலை செய்ததோ அந்த இடத்தில் மருந்து பிடிக்கும். பூச்சிமருந்து தின்ற இடத்தில் பிடிக்காது. பிறகு கண்ணாடியைக் குப்புறப் போட்டு, படம் பிடிக்கிற இமேஜிங் பிளேட்டோடு முகம் ஒட்ட வைத்து, கேசட் என்கிற வெளிச்சம் புகாத பெட்டிக்குள் மூடிவிட வேண்டும். நாங்கள் பயன்படுத்துகிற கதிர்வீச்சு அத்தனை பலவீனமானது. ஒரு காகிதம் குறுக்கே வந்தால் தாண்டாது. அதனால் அந்தப் பிளேட்டில் மேல்பூச்சுகூடக் கிடையாது. வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தால்தான் படம் ஏறும். ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. படம் ஏறிய பிளேட்டும் ஏறாத பிளேட்டும் ஒரே வெள்ளை. ஸ்கேனரில் விட்டால்தான் தெரியும். அதற்கு முன்னால் வெளிச்சம் பட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

கொம்பையாவின் இரண்டு துண்டுகளில் ஒன்று மே மாதம் கரண்டு போய் ஃப்ரீசர் நின்ற அன்று கெட்டுப்போனது. அடுத்ததைச் சீவியதில் கிழிந்தது, சுருண்டது எல்லாம் போக நல்ல சீவல் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டையும் செப்டம்பரில் கேசட்டில் வைத்தேன். ஐந்து வாரம் இருக்க வேண்டும். ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள் திறக்க வேண்டும் என்று கணக்கு. சொர்ணத்தாயிடமும் சொல்லிவிட்டேன்.

கேசட் இருந்த அறைக் கதவில் கதிர்வீச்சுச் சின்னம் ஒட்டியிருக்கும். மஞ்சளில் மூன்று கறுப்பு இறக்கை. பேபி அக்கா அதை "ஃபேன் ரூம்பு" என்பாள்.

"ஏட்டி வினோ, ஃபேன் படத்த ஒட்டி வச்சிருக்கிய, உள்ள ஒரு ஃபேனையும் காணும்? ஏசியப் போட்டு வெறச்சுப்போய் உக்காந்திருக்கிய?"

நாங்கள் சிரிப்போம். நானும்தான் சிரிப்பேன். பிறகு எங்களுக்குள்ளேயே அதற்கு ஃபேன் ரூம் என்று பெயர் ஆகிவிட்டது. அது ஃபேன் இல்லை, இன்னது என்று ஒரு நாளும் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

பேபி அக்கா எங்கள் மையத்தில் கூட்டித் துடைக்கிறவள். அதற்கு முன்னால் அதே முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸில், என் அம்மாவுக்கு இரண்டு பலகை தள்ளி உட்கார்ந்து கட்டை அடுக்கியவள். அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசைக்கு மூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. டிரம், டப்பா, பெட்டி, பீரோ எல்லாவற்றையும் திறந்து, உள்பக்கம் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, மறுநாள்வரை திறந்தபடியே விட்டுவிட வேண்டும். வருடம் பூராவும் சேர்ந்த கெமிக்கல் தூசி அன்றைக்காவது வெளியே போகட்டும் என்று எவனோ ஒரு நல்லவன் ஆரம்பித்திருப்பான். பிறகு அது சாமி காரியம் ஆகிவிட்டது. வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று என் அம்மாவையும் விட்டதில்லை. அவளும் திறந்து கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவாள். அந்தப் பொட்டலத்துக்காக நான் வாசலில் நின்றிருக்கிறேன்.

அதாவது, எனக்குத் தெரியும். முதலாளி இந்த வருடம் ஆய்வு மையத்துக்கும் தீபாராதனை காட்ட வருகிறார் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கேசட் மேல் நோட்டீஸ் ஒட்டினேன். திறக்காதே, இன்ன தேதி வரை, இன்ன கதிர்வீச்சு. சிவப்பு மையில், பெரிய எழுத்தில், இங்கிலீஷில்.

திரும்பி வந்த காலையில் கேசட் வாயைப் பிளந்து கிடந்தது. பிளேட்டிலும் மூலைக்கு ஒரு சந்தனப் பொட்டு. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக எரிந்திருக்கிறது.

பேபி அக்கா வராந்தாவில் வாளியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்து, "என்னட்டி, அம்மைக்குக் கண்ணு நல்லாருக்கா?" என்றாள்.

"இதை யாரு தொட்டது?"

"நாந்தான். மேனேஜர் எல்லா ரூம்பையும் தொறந்து துடைக்கச் சொன்னாரு. சாவி அவருதான் தந்தாரு. அந்தக் கண்ணாடி பூராவும் என்னமா அழுக்குட்டி! காஞ்சு போய்ப் பிடிச்சிருந்துச்சு. நகத்த வச்சுச் சொரண்டி எடுத்தேன். வெள்ளத் தகட்டையும் ஈரத்துணியப் போட்டுத் துடைச்சிட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முழுதாக நினைவில்லை. "படிக்காத கழுத" என்றது மட்டும் நினைவிருக்கிறது. என் அம்மாவை அந்த ஆபீஸில் ஃபோர்மேன் திட்டுவானே, அதே சொல். அது என் வாயில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

பேபி அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"நான் படிக்கலதான். நீ படிச்சிருக்கல்லா, ஒரு நாளாவது சொன்னியாட்டி? இந்த ரூம்புல என்ன இருக்கு, எதத் தொடணும், எதத் தொடக்கூடாதுன்னு சொன்னியா? ஃபேன் ரூம்புன்னேன். பல்லக் காட்டிச் சிரிச்சிய எல்லாரும். நீயுந்தானட்டி சிரிச்ச?"

மேலே ஒட்டியிருந்த நோட்டீஸைக்கூட அவள் கிழிக்காமல், கசங்காமல் எடுத்து, மடித்து, கேசட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். ஏதோ முக்கியமான காகிதம் என்று நினைத்திருக்கிறாள்.

பிறகு, மெதுவாக, "அது என்னதுட்டி, அந்த அழுக்கு?" என்று கேட்டாள்.

சொன்னேன். யாருடையது என்றும் சொன்னேன்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். முதலில் உள்ளங்கை, பிறகு நகம். "மாதாவே" என்றாள். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள் இல்லை. என் அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட சொல்.

கழுவிய தொட்டியைத் துடைத்து எடுத்துக் கதிர்வீச்சை அளந்து பார்த்தோம். மிகக் கொஞ்சம். அவளுக்கும் சோதனை பார்த்தோம், ஒன்றும் இல்லை. "எனக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகாது என்று நான் சொன்னது உண்மை. அவள் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று நான் எப்படி எதிர்பார்ப்பது?

என் கைடு இராமச்சந்திரன் சார் கெட்டவர் இல்லை. அவருக்குச் சத்தம் பிடிக்காது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "பிளேட் ஃபெயிலியர்னு எழுது" என்றார்.

"கழுவிட்டாங்கன்னுதான் சார் எழுதணும்."

"கதிர்வீச்சு உள்ள ஸ்லைடைத் தொட்டியில கழுவினாங்கன்னு எழுதினா லைசென்ஸ் போகும். லேபை மூடுவாங்க. அந்த அம்மா வேலையும் போகும். உன் பட்டமும் போகும். யாருக்கு என்ன லாபம்?"

"சொர்ணத்தாய்க்கு நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"அந்த லேடியா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்கு ஒரு படம்தானே வேணும்? நம்மகிட்ட இருபது படம் இருக்கு. மருந்தே அடிக்காத லாரி டிரைவர் ஒருத்தருடையது ரொம்ப நல்லா வந்திருக்கு. பிரிண்ட் போட்டுக் குடு. அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

என்ன தெரியப் போகுது. எங்களைப் பற்றி இந்த மூன்று சொல்லை நான் எத்தனை ஆபீஸில், எத்தனை கவுண்டரில் கேட்டிருப்பேன். ஆனாலும் அந்தப் படத்தை பிரிண்ட் போட்டுப் பையில் வைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வைத்தேன்.

பிளேட்டை வீசச் சொன்னார்கள். மேல்பூச்சு இல்லாத பிளேட், ஈரம் பட்டால் பிறகு ஆகாது. நான் அதை வீசவில்லை. சந்தனத்தைக்கூடச் சுரண்டாமல் அப்படியே கேசட்டில் மூடி, மறுபடி இருட்டில் வைத்தேன். இந்தத் தடவை தமிழில் நோட்டீஸ் எழுதினேன். பேபி அக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இப்பந்தான் எழுதுத" என்றாள். அவ்வளவுதான்.

கண்ணாடியைத் துடைத்த அதே ஈரத்துணியால் துடைத்தபோது சீவலில் பிடித்திருந்த கதிர்வீச்சு மருந்து கரைந்து பிளேட்டில் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் என்று என் கணக்கு. ஒட்டியிருந்தால் அது தானாக மறுபடி ஒரு படம் ஏற்றும். ஆய்வுக்கு உதவாது. சாருக்குத் தெரிந்தால் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. "மெஷின் ரிப்பேர்க்கா" என்றேன், ஐந்து தடவை.

கார்த்திகையில் ஸ்கேனரில் விட்டேன். திரையில் முதலில் வெறும் புள்ளிகள். பிறகு வளைவு வளைவாகச் சாம்பல் கோடுகள். விசிறி விரித்த மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக. கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பேபி அக்காவின் கை. அவள் துணியைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்த துடைப்பு. சந்தனப் பொட்டு இருந்த இடங்களில் மட்டும் வட்டமாக ஒன்றுமில்லை. வலது மூலைப் பொட்டுக்குப் பக்கத்தில், துணி எட்டாத ஓரத்தில், பிளேட்டோடு ஒட்டி உரிந்து நின்ற சீவலின் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு வளைவு. மூளைதான். ஆனால் எந்த இடம், எவ்வளவு பிடித்திருக்கிறது, எவ்வளவு விட்டிருக்கிறது, எதையும் சொல்ல முடியாது. குடியா மருந்தா என்று அந்த வளைவைக் கேட்க முடியாது.

அதையும் பிரிண்ட் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை மினிபஸ் ஏறினேன். வழியெல்லாம் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. மழை பெய்து கரிசல் சக்கரத்தில் அப்பியது. ஜன்னல் திறந்திருந்த பக்கமெல்லாம் மருந்து வாடை.

அவள் ஊரைக் கூட்டித்தான் வைத்திருந்தாள். ஊர் என்றால் ஏழெட்டுப் பொம்பளைகள், இரண்டு கிழவர்கள், சமுதாயக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு. சண்முகராஜ் வாசலில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டேங்க் சாய்த்து வைத்திருந்தது.

"வாங்க டாக்டரம்மா" என்றார். "எங்க அண்ணன் மண்டைக்குள்ள பிராந்திப் பாட்டில் தெரியுதா, குவாட்டரா ஆஃபான்னு பாத்துச் சொல்லுங்க."

ஒரு கிழவர் சிரித்தார்.

"ஏலே சும்மா கெட" என்றாள் சொர்ணத்தாய். புதுச் சேலை கட்டியிருந்தாள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். "படத்த எடு தாயி. அவனுக்கு மொதல்ல காட்டு."

பைக்குள் கையை விட்டேன். இரண்டு தாள்களும் விரலில் பட்டன. லாரி டிரைவருடையது வழுவழுப்பான தாள். சிவப்பும் பச்சையுமாக, இரண்டு பக்கமும் ஒழுங்காக, யார் பார்த்தாலும் மூளை என்று சொல்லும்படி இருக்கும். இதோ, இந்த இடம்தான் மருந்து தின்ற இடம் என்று விரலை எங்கே வைத்தாலும் நம்புவார்கள். சண்முகராஜும் நம்புவார். என்ன தெரியப் போகுது.

மற்றத் தாளை எடுத்தேன்.

"அக்கா, படம் வரல" என்றேன். "கழுவிட்டாவ. நான் சொல்லாம விட்டதால கழுவிட்டாவ. இது மிஞ்சுனது. இதுல ஒண்ணும் தெரியாது. மெஷின் ரிப்பேர்னு நான் சொன்னது பொய்."

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, சந்தனம், ஈரத்துணி. முப்பது நாற்பது பேரைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்பதையும், பிணவறை வாசலில் அதை மறைத்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் கூடத்தில் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகள் எழுந்து போய்விட்டாள்.

சொர்ணத்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். "இதுல அவிய எங்க?"

மூலையில் விரல் வைத்துக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"மத்தது எங்க போச்சு?"

"தொட்டில ஊத்துன தண்ணி... பின்னால சாக்கடைக்குப் போகும்க்கா."

சண்முகராஜ் வண்டியிலிருந்து இறங்காமலே, "நல்லாருக்கே கதை. உசுரோட இருக்கையில அவரே சாக்கடையிலதான் கெடப்பாரு" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

சொர்ணத்தாய் தாளை நாலாக மடித்தாள். மடித்த தாளை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"ஏட்டி" என்றாள். சத்தம் போடவில்லை. "நீ ஏதாச்சும் ஒரு படத்தக் கொண்டாந்து காட்டியிருக்கக் கூடாதா? இதுதான் மருந்துன்னு ஒரு கோட்டக் காட்டியிருந்தா என் வாயில மண்ணு விழாதுல்லா. இத்தன படிச்சிருக்க, ஒரு பொய் சொல்லத் தெரியலியே ஒனக்கு. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல மட்டும் வக்கணையாச் சொன்ன?"

பைக்குள் அந்தப் பொய் இருந்தது. வழுவழுப்பான தாளில், கலரில். அவள் அதைக் கேட்கிறாள். நான் எடுக்கவில்லை. நேர்மை என்று சொல்லி என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டாம். அவளுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுக்காமல், எனக்கு எது பாரமோ அதை அவள்மேல் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

"போ" என்றாள். "இனிமே போன் பண்ண மாட்டேன்."

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அரைமணி நேரம் கழித்து சண்முகராஜ் வண்டியை என் பக்கத்தில் நிறுத்தினார். கூடத்தில் இருந்த கேலி முகத்தில் இல்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார், எனக்காகப் பார்க்கிற மாதிரி.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி. கேளுங்க."

"அந்தப் படம் ஒழுங்கா வந்துருந்தா... மருந்துன்னு வந்துருக்குமா?"

"அது ஒண்ண மட்டும் வச்சுச் சொல்ல முடியாது அண்ணாச்சி."

"சொல்ல முடியாதுல்லா?" அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "அப்ப குடிதான். நான் அன்னைக்கே சொன்னேன். பாருங்க, அண்ணன் காரியம் முடிஞ்ச அன்னையில இருந்து நான் கையால தொடல. ஒம்பது மாசம் ஆச்சு. ஒரு சொட்டு கெடையாது. எனக்கு ஒண்ணும் வராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணனைக் கேவலப்படுத்த அல்ல, அவர் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. குடி என்றால் விட்டுவிடலாம். விட்டும்விட்டார். மருந்து என்றால் எதை விடுவது? இந்த மண்ணில் மழைக்காலத்தில் வேறு கூலி ஏது?

"குடி இல்ல அண்ணாச்சி" என்றேன். "மருந்துதான். எனக்குத் தெரியும். கையுறையாவது போடுங்க. வாயில இந்தத் துண்டு போதாது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"படம் இருக்கா?"

இரண்டு தாள் பையில் இருந்தது. இரண்டில் ஒன்றும் அவர் கேட்கிற படம் இல்லை.

"பெறகென்ன" என்றார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலேயே அவர் இறங்க வேண்டிய புஞ்சை. வண்டியின் பின்னால் கட்டியிருந்த டேங்கைத் தூக்கி முதுகில் போட்டு, வாரைத் தோளில் இழுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே கொக்கியை மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. மறுபடி இழுத்தார். கொக்கி வளையத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டித் தட்டி நழுவியது. மூன்றாவது தடவை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டினார்.

"கொக்கி தேஞ்சு போச்சு" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினார். கொஞ்ச தூரத்துக்குத் தலை தெரிந்தது. பிறகு தோகைகளுக்கு மேலே புகை மாதிரி எழும்பிய மருந்து மட்டும் தெரிந்தது. பஸ் வந்தது. ஏறினேன்.